பாரதியின் பாட்டும் தணிக்கையும்

சி. சுப்பிரமணிய பாரதி (1882–1921) கவிஞராகவும் இதழாளராகவும் பரவலாக அறியப்பட்டவர். தம் பாட்டுகளுக்குத் தாமே ராகமும் தாளமும் குறித்த பாட்டாசிரியர் அவர். தம் காலத்துப் பாடகர்களைக் கறாராக எடைபோட்ட இசை விமர்சகரும்கூட. இந்த இரண்டு முகங்களும் பாடப்புத்தகங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பாரதியின் எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதி ஆங்கில அரசின் கண்காணிப்பிலும் தடையிலும் கழிந்தது. அந்தத் தடை அவருடைய சொற்களை அழிக்க முடியவில்லை. அச்சில் வந்தவை மீண்டும் அச்சாயின. ஆனால் அவருடைய மெட்டுகளுக்கு அது அதிகச் சேதம் செய்தது. பாரதியின் இசைப் பணியை இந்தக் கோணத்திலிருந்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தடைகளின் வரிசை

பாரதி 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். 1906 இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவருடைய அரசியல் எழுத்து வேகம் பெற்றது. கடற்கரைக் கூட்டங்களில் அவரே தம் பாட்டுகளைப் பாடினார். 1908 இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ தொகுதி வெளிவந்தது.

அதே 1908 இல்தான் அடக்குமுறை முழுமையாக இறங்கியது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் போராட்டங்களைத் தொடர்ந்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ராஜத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிவா இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டில் பிறந்தவர். ‘இந்தியா’வின் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த எம். சீனிவாசனும் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று சேர்ந்தார். இதழும் அங்கே மாறியது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதைத் தபாலில் அனுப்ப முடியாத நிலை வந்ததும் 1910 இல் நின்றுபோனது. அந்த ஆண்டு வந்த அச்சகச் சட்டம், அச்சகங்களிடம் ஜாமீன் தொகை கேட்கவும் நூல்களைப் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. புதுச்சேரியில் அச்சான ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகியவற்றைச் சென்னை மாகாண அரசு தடை செய்தது.

எழுத இடமில்லாமல் போன அந்த ஆண்டுகளில் கை கொடுத்தவர்களில் சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். சிறையிலிருந்து வெளிவந்த சிவா 1913 இல் தொடங்கிய ‘ஞானபாநு’ இதழில் பாரதியின் எழுத்துகள் வெளிவந்தன. சிறைத் தண்டனை முடித்தவர் நடத்திய இதழில், நாடு கடந்து வாழ்ந்தவர் எழுதினார்.

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வந்தபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் விடுதலையானபோது நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் வசிக்க வேண்டும். எதை வெளியிடுவதானாலும் முன்கூட்டியே இரகசியப் போலீஸ் அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். கடையத்தில் அவர் வாழ்ந்த காலம் இந்தக் கட்டுப்பாட்டில் தொடங்கியது. 1920 இல் கட்டுப்பாடுகள் விலக, அந்த ஆண்டு இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனுக்கு வந்தார். 1921 செப்டம்பரில் இறந்தார். 1908 முதல் 1920 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், தம் மக்கள் முன் தடையில்லாமல் நின்று பாட அவருக்கு வாய்ப்பிருக்கவில்லை.

மெட்டு செய்த வேலை

பாரதியின் தேசியப் பாட்டுகளின் தலைப்புக்குக் கீழே சிறு குறிப்புகள் இருக்கும். இன்று வாசகர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘எங்கள் தாய்’ காவடிச் சிந்து மெட்டில் அமைந்தது. ‘மாதாவின் துவஜம்’ தாயுமானவரின் ஆனந்தக் களிப்பு மெட்டில் அமைந்தது. ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’ நொண்டிச் சிந்து. ‘நடிப்புச் சுதேசிகள்’ கிளிக்கண்ணி. பெண் விடுதலையைச் சொல்லக் கும்மியைத் தேர்ந்தார். இவை எல்லாமே மக்கள் ஏற்கெனவே அறிந்த வடிவங்கள். பழனிக்குக் காவடி எடுப்பவருக்கும், முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி அடிக்கும் பெண்களுக்கும் இந்த மெட்டுகளை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதை எளிமைக்காகச் செய்தார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். தணிக்கைக் காலத்தில் அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. புதிய மெட்டில் அமைந்த பாட்டைப் பரப்பப் பாடகரும் பயிற்சியும் வேண்டும். அறிந்த மெட்டில் அமைந்த பாட்டைப் பரப்ப ஒரு காகிதம் போதும்; ஒரு தடவை மனப்பாடம் ஆகிவிட்டால் அந்தக் காகிதமும் வேண்டாம். போலீஸார் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கும்மியை எடுத்துப்போக முடியாது.

மெட்டு பொருளையும் சுமந்தது. கலெக்டர் விஞ்ச் சிதம்பரம் பிள்ளையிடம் பேசுவதாகவும், அவர் பதில் சொல்வதாகவும் பாரதி இரண்டு பாட்டுகள் எழுதினார். கலெக்டரின் பேச்சுக்கு அவர் எடுத்துக்கொண்டது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் ஆண்டை நந்தனிடம் பேசும் பாட்டின் மெட்டு. நந்தனார் கதை அன்று காலட்சேபங்களிலும் நாடகங்களிலும் பட்டிதொட்டியெங்கும் பாடப்பட்டது. அந்த மெட்டில் கலெக்டர் பேசத் தொடங்கியதுமே கேட்பவர் மனத்தில் ஆண்டையின் உருவம் வந்துவிடும். சிதம்பரம் பிள்ளை நந்தனின் இடத்தில் நிற்கிறார். அடிமைப்பட்டவன் பக்கமே தெய்வம் நின்றது என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்த முடிவு. இதில் எதையும் பாரதி வார்த்தையில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரசு தமிழ் இதழ்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வாராவாரம் அறிக்கையாகத் தொகுத்து வந்தது. அப்படிப் பெயர்க்கும்போது வார்த்தைகள் கோப்புக்குள் போகும், மெட்டு போகாது. கோப்பைப் படிக்கும் அதிகாரிக்குப் பாதிப் பாட்டுதான் கிடைத்திருக்கும். நந்தனார் மெட்டைத் தேர்ந்ததில் உள்ள திறமை இதுதான். பாரதியின் யாப்பை மட்டும் பார்த்து மதிப்பிடும் ஆய்வுகளில் இந்த இடம் தவறிப்போகிறது.

‘சங்கீத விஷயம்’

இசை விமர்சகராகப் பாரதியைக் காட்டும் முக்கியமான எழுத்து ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரை. அதில் அவர் சொல்லும் குறைகள் தெளிவானவை. எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அதே கீர்த்தனைகள்தான் கேட்கின்றன. பாடுபவருக்கும் பொருள் தெரியவில்லை, கேட்பவருக்கும் தெரியவில்லை. குரலைப் பழக்கப்படுத்துவதில் அக்கறை இல்லை. ஒன்பது ரசங்களில் ஒன்றிரண்டு மட்டுமே பாட்டில் வருகின்றன. வீரமும் வியப்பும் சிரிப்பும் காணாமல் போய்விட்டன.

இதற்கு அவர் சொன்ன பரிகாரம் பழையதை ஒதுக்குவது அல்ல. தியாகராஜரையும் முத்துசுவாமி தீட்சிதரையும் அவர் மதித்தார். அவர்களுடைய பாட்டுகளை ஆதாரமாக வைத்துக்கொண்டு, மக்களுக்குப் புரியும் தமிழில் புதிய கீர்த்தனைகள் பிறக்க வேண்டும் என்றார். பெண்கள் சங்கீதம் கற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

இந்தக் கட்டுரையின் பலம், பாட்டைக் கேட்பவரின் பக்கமிருந்து பேசுவது. வித்துவான்களின் தர்க்கத்தில் அது நுழைவதில்லை. பொருள் தெரியாத பாட்டை மரியாதைக்காகத் தலையாட்டிக் கேட்கும் சாதாரண மனிதருக்காக வாதாடுகிறது. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. எல்லா வித்துவான்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. நல்ல நாகஸ்வரத்தையும் நல்ல ஆலாபனையையும் பொருள் புரியாமலே கேட்டு மனம் உருகலாம் என்பதற்கு அதில் போதிய இடமில்லை. ராகத்தின் இன்பத்தை விடச் சொல்லின் தெளிவை அவர் முன்னால் வைத்தார். கவிஞராக இருந்த விமர்சகரிடம் எதிர்பார்க்கக்கூடிய சாய்வுதான் அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் புதிய பாட்டு வேண்டும் என்று கேட்டவர், அத்தகைய பாட்டுகளை ஏற்கெனவே கைவசம் வைத்திருந்தார். அவற்றை மேடையில் பாட எந்த வித்துவானும் அன்று துணிந்திருக்க மாட்டார். அரசின் சந்தேகத்துக்கு உள்ளானவரின் பாட்டை எடுப்பது தொழிலுக்கே ஆபத்து. ஆகவே கச்சேரிகளின் வறுமைக்கு வித்துவான்களின் சோம்பல் மட்டும் காரணமல்ல. அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். கட்டுரை சோம்பலைச் சாடுகிறது.

விமர்சனமும் தடையும்

பாரதிக்கு ஹார்மோனியம் பிடிக்காது. அது காதைக் கெடுக்கும் கருவி என்று கடுமையாகவே எழுதினார். நம் ராகங்களின் கமகங்களை அந்தக் கட்டைகளால் காட்ட முடியாது என்ற கருத்து அக்காலத்தில் பலருக்கும் இருந்தது. பின்னாளில் அகில இந்திய வானொலி 1940 முதல் ஹார்மோனியத்தை நிலையத்துக்குள் விடாமல் தடுத்தது. 1971 இல்தான் தடை தளர்ந்தது. கருத்து ஒன்றுதான், ஆனால் நடந்த காரியங்கள் வேறு. பாரதி எழுதியதைப் படித்த ஒருவர் மறுத்து எழுதலாம். மறுநாளும் ஹார்மோனியம் வாசிக்கலாம். வானொலியின் உத்தரவுக்கு அப்படிப் பதில் கிடையாது. முப்பது ஆண்டுகள் அந்தக் கலைஞர்களின் வாசிப்பு வானொலியில் கேட்காமல் போனது. கடுமையான விமர்சனத்தையும் தணிக்கையையும் ஒன்றாக எண்ணும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கண்ணன் பாட்டும் கிடைக்காத மெட்டும்

1917 இல் பரலி சு. நெல்லையப்பர் ‘கண்ணன் பாட்டு’ நூலைப் பதிப்பித்தார். இதில் பாரதியின் இசை மனம் முழுமையாகத் தெரிகிறது. பல பாட்டுகளுக்கு ராகம், தாளத்தோடு ரசமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ‘கண்ணன் – என் தோழன்’ புன்னாகவராளியில், திஸ்ரஜாதி ஏக தாளத்தில், வத்ஸல ரசத்தோடு பாடப்பட வேண்டும் என்று குறிப்பு சொல்கிறது. ‘சங்கீத விஷயம்’ கேட்ட ரச வேறுபாட்டை, பாட்டாசிரியர் இங்கே செய்து காட்டுகிறார். 1919 இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதிய வ.வே.சு. ஐயர், புதுவைக் கடற்கரையில் பாரதி பாடக் கேட்டவர். இப்பாட்டுகளின் இசை இன்பத்தை அவர் தனியாக எடுத்துப் பேசுகிறார்.

ஆனால் ராகத்தின் பெயர் மட்டும் மெட்டு ஆகிவிடாது. புன்னாகவராளி என்று தெரிந்தாலும், எந்த இடத்தில் தொடங்கி எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்பது தெரியாது. கர்நாடக இசையில் இது சீடர்கள் வழியாகவே தலைமுறை தாண்டுகிறது. தியாகராஜருக்குச் சீடர்கள் இருந்தார்கள். பாரதிக்குப் பாரதிதாசன் போன்ற கவிதைச் சீடர்களும் நண்பர்களும் இருந்தார்கள். பாட்டைக் கேட்டு, பாடம் செய்து, மேடைக்கு எடுத்துச் செல்லும் இசைச் சீடர்கள் அமையவில்லை. வீட்டு வாசலில் ஒற்றர்கள் காத்திருந்த காலத்தில் அத்தகைய குருகுலம் எப்படி அமையும்?

இதன் விளைவு விசித்திரமானது. பாரதி கடன் வாங்கிய மெட்டுகள் இன்றும் கைக்கு எட்டுகின்றன. காவடிச் சிந்தும் கும்மியும் கிளிக்கண்ணியும் ஊரில் இருக்கின்றன. அவரே கட்டிய மெட்டுகள்தாம் பெரும்பாலும் எட்டவில்லை.

‘கண்ணம்மா – என் குழந்தை’ இந்த வாதத்தைச் சற்றுத் திருத்தச் சொல்கிறது. அதற்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்த பாரதி, சில ஸ்வர வரிசைகளையும் கொடுத்தார். அவற்றை மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடலாம் என்றும் எழுதினார். 1951 இல் ‘மணமகள்’ படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் இசையமைக்க, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய ராகமாலிகைதான் இன்று எல்லோர் காதிலும் நிற்கிறது. அதில் பைரவி தொடக்கம் இல்லை, காபி இருக்கிறது. பாரதியே அனுமதித்த மாற்றம் என்று இதை ஏற்கலாம். எனவே ராகம் மாறியதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. மாதிரியைத் தெரிந்துகொண்டு விலகுவது ஒன்று. மாதிரி கிடைக்காததால் வேறு கட்டுவது இன்னொன்று. இந்தப் பாட்டுக்கு ஒரு மாதிரி அச்சில் இருந்தது. மற்றப் பல பாட்டுகளுக்கு அதுவும் இல்லை. இழப்பு அங்கேதான்.

இறந்த பின்னும் தொடர்ந்த தடை

1928 இல் பர்மா அரசு பாரதியின் பாட்டு நூல்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. எஸ். சத்தியமூர்த்தி சென்னை சட்டசபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார்; அது பெரிய ஆதரவுடன் நிறைவேறியது. தடை பாரதிக்குப் புதிய வாசகர்களைத் தேடித் தந்தது என்றே சொல்ல வேண்டும்.

அதே 1928 இல்தான் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. ஒரு பக்கம் கர்நாடக இசைக்கு ஒரு நிலையான சபை; மறுபக்கம் தமிழின் பெரிய பாட்டாசிரியர் ஒருவரின் நூல் பறிமுதல். புதிய தமிழ்க் கீர்த்தனைகள் வேண்டும் என்ற பாரதியின் கோரிக்கை 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழிசை மாநாட்டிலும், 1943 இல் தொடங்கிய தமிழிசைச் சங்கத்திலும் இயக்கமாக உருவெடுத்தது. விமர்சகரான பாரதிக்குக் கிடைத்த வெற்றி அது.

டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைக் கச்சேரி மேடைக்கு எடுத்துச் சென்றார். 1947 இல் ‘நாம் இருவர்’ படத்தில் அவர் குரலில் அவை வீடுதோறும் கேட்டன. அக்காலத்தில் பாரதி பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். நிறுவனத்திடம் இருந்தது. 1949 இல் அரசு உரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுச் சொத்தாயின. யாரும் எந்த மெட்டிலும் பாடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

போலந்தில் ஓர் ஒப்புமை

பாட்டமைப்பவரும் விமர்சகரும் ஒருவராக இருந்து தணிக்கையில் சிக்கியது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. போலந்தின் ஸ்டெஃபான் கிசிலெவ்ஸ்கி (1911–1991) வார்சாவில் இசையமைப்பு பயின்றவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இசை விமர்சனமும், கிராக்கோவிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க வார இதழில் பத்தியும் எழுதினார். கம்யூனிஸ்ட் ஆட்சியின் தணிக்கை அலுவலகம் அவர் பத்திகளை வெட்டியும் நிறுத்தியும் வந்தது. 1968 இல் எழுத்தாளர் கூட்டமொன்றில் தணிக்கையைக் கடுமையாகச் சாடினார். சில நாள்களில் அடையாளம் தெரியாத ஆட்கள் அவரைத் தெருவில் அடித்தனர். மூன்று ஆண்டுகள் எதையும் வெளியிடத் தடை வந்தது. அந்த ஆண்டில் தொடங்கி அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்த பின்னரே நூலாயிற்று.

இருவரையும் அளவுக்கு மீறி ஒப்பிடக் கூடாது. பாரதியை ஒடுக்கியது அந்நிய ஆட்சி. கிசிலெவ்ஸ்கியை ஒடுக்கியது சொந்த நாட்டு அரசு. அவர் ஐரோப்பிய மரபில் இசைக் குறியீட்டில் எழுதியவர், எனவே அவருடைய இசை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. தணிக்கை இருவரையும் எழுத்தாளர்களாகப் புகழ்பெற வைத்தது. தடை செய்யப்பட்ட சொல்லைத் தேடிப் படிக்கும் ஆவல் மக்களுக்கு எப்போதும் உண்டு. இசை அந்தப் புகழின் பின்னே மறைந்தது. போலந்தில் கிசிலெவ்ஸ்கியைப் பத்தி எழுத்தாளராகவே அதிகம் நினைவுகூர்கிறார்கள். இங்கே பாரதியைச் செய்யுளாகவே படிக்கிறார்கள்.

மதிப்பீடு

பாட்டாசிரியர் என்ற முறையில் பாரதியின் தனிச்சிறப்பு மெட்டைத் தேர்ந்தெடுக்கும் அறிவு. நாட்டார் வடிவங்களைச் செம்மையான கவிதைக்கு ஏற்றவையாக நிறுவினார். நந்தனார் மெட்டைப் போல, கேட்பவரின் பழைய நினைவைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். கண்ணன் பாட்டில் ரசத்துக்கு ஏற்ப ராகத்தைப் பிரித்தார். விமர்சகர் என்ற முறையில் அவருடைய கேள்வி இன்றும் பழையதாகவில்லை: கேட்பவருக்குப் பாட்டு புரிகிறதா? அவருடைய குறை, வித்துவான்களைச் சாடிய அளவுக்கு அவர்கள் இருந்த சூழலை ஆராயாதது.

தணிக்கை முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மெட்டை மறைப்பது அரசல்ல, பழக்கம். மனப்பாடப் பகுதியாக வரும் பாரதி பாட்டுகளில் ராகம், தாளம், வர்ணமெட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. மாணவர் அதை எதுகை மோனையாகப் படித்து, அடி பிறழாமல் எழுதி, மதிப்பெண் வாங்குகிறார். பாட்டு என்று அது அவர் காதில் விழுவதேயில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. எரியோடு, வேடசந்தூர்ப் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கும்மி பாடும் மூதாட்டிகளிடம் ஒரு கும்மி மெட்டைக் கேட்டு, அதில் ‘பெண்கள் விடுதலைக் கும்மி’யைப் பாடிப் பார்க்கலாம். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் பாடும் காவடிச் சிந்தை ‘எங்கள் தாய்’ பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தச் சொல்லில் மூச்சு நிற்கிறது, எந்த அடியில் கை தட்டு விழுகிறது என்பது பாடினால்தான் தெரியும். பாரதி தலைப்புக்குக் கீழே எழுதி வைத்த அந்தச் சிறு குறிப்பு இதற்காகத்தான்.